சிறிய மோட்டார் சைக்கிள் வறியவனின் வாகனமா?

தீவகத்திலும், அதற்கு அப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலும், இன்று ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. சிறிய, பாரமற்ற மோட்டார் சைக்கிளில் போகிறவன் பெரியதொன்றை வாங்க வகையில்லாதவன். வகை வந்த அன்றைக்கே அதைக் கைவிட்டுவிடுவான். வகை வந்தும் கைவிடாதவன் ஒன்றில் கஞ்சன், அல்லது வயது போனவன், அல்லது பெண்பிள்ளை என்பதே அந்த அபிப்பிராயம். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளையின் வாகனத்தைப் பற்றி விசாரிக்கும் பெரியவர்களிடத்தும், ஆனி மாதத்து நயினாதீவுத் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திறங்கும் உறவினரிடத்தும், பதினெட்டு வயது நிரம்பியதும் லீசிங் கொம்பனி வாசலில் போய் நிற்கும் இளைஞரிடத்தும் அது ஒரே அளவில் குடிகொண்டிருக்கிறது. “என்ன தம்பி, இன்னும் இந்த ஹொண்டா சாலியோடையே நிக்கிறாய்? காசில்லையெண்டால் சொல்லு, நான் அனுப்பிறன்” என்று அன்போடு கேட்கும் சித்தப்பா நம்மில் யாருக்குத்தான் இல்லை? அந்த அன்பை நான் மதிக்கிறேன். அதன் அடியில் கிடக்கும் கணிப்பை முற்றாக மறுக்கிறேன்.

கையில் பணமில்லாத காரணத்தால் சிறிய வாகனத்தை வாங்கியவர்கள் இல்லை என்று நான் வாதிடவில்லை. அத்தகையோர் எந்த ஊரிலும் உண்டு. ஆனால், பிள்ளைகள் வெளிநாட்டில் உழைத்து, வீடு மாடியாகி, முற்றத்தில் வான் நிற்கும் நிலை வந்த பிறகும், காலையில் துறைக்குப் போவதற்கு அந்தப் பழைய சிறிய வாகனத்தையே உதைத்து இயக்குகிற மனிதர்கள் வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி மேற்சொன்ன அபிப்பிராயத்திடம் ஒரு விளக்கமும் கிடையாது. இல்லாமையால் விளைந்த செயலானால் இல்லாமை நீங்கியதும் அதுவும் நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை என்பதே, அதற்கு வேறொரு காரணம் உண்டென்பதற்குப் பிரத்தியட்சச் சான்று. அந்தக் காரணம், தான் வாழும் நிலத்தையும் கடலையும் காற்றையும் தண்ணீரையும் நன்கறிந்த ஒருவனுடைய நிதானமான தெரிவு என்பதே என் கட்சி.

முதலில், சிறியது என்பது பெரியதைச் செய்ய முடியாதவன் செய்தது என்ற மூலப் பிழையைக் களைய வேண்டும். நமது ஒழுங்கைகளில் அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கும் சி 50, சி 90 ஆகிய வாகனங்களின் மூதாதை 1958ஆம் ஆண்டில் ஹொண்டா கொம்பனி வெளியிட்ட சூப்பர் கப். அதன் இயந்திரம் 49 சீசீ. மொத்தப் பாரம் ஏறத்தாழ 55 கிலோ. கடைப்பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டிச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தை முன்வைத்து, கிளச்சுப் பிடியை நீக்கி, காலை உயர்த்தாமல் ஏறி அமரும்படி நடுச்சட்டத்தைத் தாழ்த்தி, சொய்ச்சிரோ ஹொண்டாவும் அவருடைய பங்காளி தக்கேயோ புஜிசாவாவும் சிந்தித்துச் செய்த வாகனம் அது. அதே கொம்பனிதான் அடுத்த ஆண்டாகிய 1959இல், உலகத்தின் மிகக் கடுமையான பந்தயங்களில் ஒன்றெனப் புகழ்பெற்ற ஐல் ஒவ் மான் பந்தயத்துக்குத் தன் இயந்திரங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. பந்தயக் குதிரையைப் போன்ற இயந்திரம் செய்யும் வல்லமை படைத்தவர்கள் ஊராருக்கென்று செய்தது 49 சீசீ வாகனம் என்றால், அதை இயலாமையின் விளைவு என்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்? 2017இல் அந்த வாகனத்தின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. அவ்வாறே, நம்மவர் ‘எம்டி 90’ என்று செல்லமாகச் சொல்லும் வாகனம் ஜப்பானியத் தபால்காரர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. செல்வம் கொழிக்கும் ஒரு தேசம் தன் அரசாங்கத் தபாலை வீடுவீடாகக் கொண்டு சேர்ப்பதற்குத் தொண்ணூறு சீசீ போதும் என்று தீர்மானித்திருக்க, சரவணைச் சந்தியிலிருந்து ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் போகிறவனுக்கு அது போதாது என்பது விநோதமான தர்க்கம்.

இனி, நம் துறைகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியாக வாணர் தாம்போதியில் ஏறிப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவானில் தார்வீதி முடிகிறது. யுத்தத்துக்குப் பின்னர் வீதிகள் அகன்று காப்பெற் இடப்பட்டுவிட்டன; ஆகவே சிறிய வாகனத்தின் காலம் மலையேறிவிட்டது என்று கூறுவோர் அந்தத் தார்வீதி முடியுமிடத்தில் சற்று நின்று நோக்க வேண்டும். அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணி நேரமும், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமும், சில நாட்களில் அதற்கு மேலும், கடற்பிரயாணம். நெடுந்தீவில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் ஒருநாள் மனிதக் கைகளால் தூக்கப்பட்டுப் படகேறி வந்தது. பெரிய பழுதென்றால் மீண்டும் அவ்வாறே தூக்கப்பட்டுப் பட்டினத்துக்குப் போய், மீண்டும் அவ்வாறே திரும்ப வேண்டியது.

அந்த ஏற்றுதலைக் கண்ணால் காணாதவர்களுக்காகச் சிறிது விரித்துச் சொல்கிறேன். முதலில் பெற்றோல் குழாயைப் பூட்டுவார்கள். பிறகு வாகனத்தை இறங்குதுறையின் விளிம்புவரை உருட்டி வந்து, ஒருவன் முன் போர்க்கையும் ஒருவன் பின் கரியரையும் பிடித்துக்கொண்டு நிற்க, மூன்றாமவன் வள்ளத்துக்குள் கால்களை அகட்டி நின்று கை நீட்டுவான். சோழகக் காற்று வீசும் காலத்தில் வள்ளம் ஒரு கணம் துறையோடு சமமாக எழும். மறு கணம் முழங்கால் ஆழத்துக்குத் தாழும். எழும் கணத்தைப் பார்த்து, “இப்ப விடு” என்று உள்ளே நிற்பவன் சொல்லும்போது கொடுத்துவிட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் வாகனத்தின் முழுப் பாரமும் வெளியே நிற்பவனுடைய இடுப்பில் இறங்கும். சைலன்சர் சூடு ஆறாமலிருந்தால் கெண்டைக்காலில் தழும்பு நிச்சயம். அந்தத் தழும்பு தீவார் பலருடைய கால்களில் உண்டு. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து கிலோப் பாரமுள்ள ஒரு ஸ்கூட்டியையோ பழைய ஹொண்டாவையோ இப்படி ஏற்ற மூவர் போதும். பழகிய கைகளானால் இருவரே போதும். ஏறத்தாழ 145 கிலோ வரும் நூற்றைம்பது சீசீ வாகனத்துக்கு நால்வரைத் தேட வேண்டும். 195 கிலோ நிறையுள்ள றோயல் என்பீல்டை அந்த அலையில் ஏற்றத் துணியும் ஓட்டியை நான் கண்டதில்லை. ஒருவனுடைய வாகனத்தின் பாரத்தை எப்போதும் வேறு யாரோ சிலர் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கும் தேசத்தில், பாரம் குறைந்ததைத் தெரிந்தெடுப்பது அயலானுக்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

ஊர்காவற்றுறையையும் காரைநகரையும் பிரிக்கும் சிறு நீர்ப்பரப்பிலும் இதே நியாயமே செல்லும். அங்கே ஓடும் மிதவையை நாம் ‘பாதை’ என்கிறோம். அது இல்லாவிட்டால் பட்டினத்தைச் சுற்றி, பண்ணையையும் பொன்னாலைப் பாலத்தையும் கடந்து நெடுந்தூரம் போக வேண்டும். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியர்களும், மீன் பெட்டியைப் பின்னால் கட்டிய வியாபாரிகளும், சைக்கிளோடு வரும் மாணவரும் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தட்டில், கைப்பிடியைச் சற்று மடித்து ஓரமாகச் சாத்தக்கூடிய வாகனத்துக்கு எப்போதும் இடமுண்டு.

கடலைக் கடந்தால் உப்புக் காத்திருக்கிறது. தீவகத்தின் காற்றில் உப்பு இல்லாத நாள் இல்லை. தாம்போதியில் அலை அடித்துத் தெறிக்கும் காலங்களில் வீடு வந்து சேரும்போது வாகனத்தின் மேல் வெண்மை படிந்திருக்கும். முதலில் துருப்பிடிப்பது செயின். அடுத்து ஸ்பொக் கம்பிகளின் தலைகள். பின்னர் சைலன்சரின் அடிவயிறு. கடைசியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வயர் இணைப்புகளில் பச்சை பூக்கும். எத்தனை இணைப்புகள் உண்டோ அத்தனை இடங்களில் அந்தப் பச்சை பூக்கும் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. பழைய சிறிய ஹொண்டாவில் உப்புத் தின்னக்கூடிய பாகங்கள் சில. அவற்றை ஒரு பிளக் சாவியும் இரண்டு ஸ்பானரும் ஒரு திருகாணிச் சாவியும் கொண்டு வேப்பமர நிழலில் ஒரு மணித்தியாலத்தில் கழற்றிப் பூட்டலாம். உணர்கருவிகளும் கணினியும் கொண்டு பெற்றோலை அளந்து ஊட்டும் புதிய பெரிய வாகனம் நின்றுவிட்டால், நோய் இன்னதென்று அறிவதற்கே பட்டினத்துக்குப் போக வேண்டும். நெடுந்தீவிலிருந்து பட்டினம் போவதென்றால் முதலில் அதைப் படகேற்ற வேண்டும்.

கழுவினால் உப்புப் போய்விடுமே என்பார்கள். எந்தத் தண்ணீரால்? தீவகத்துக் கிணறுகளிற் பல உவர். குடிதண்ணீருக்காக வேலணைச் சாட்டிக் கிணறுகளை நெடுங்காலம் நம்பியிருந்த ஊர்கள் நம்முடையவை. நல்ல தண்ணீரைக் குடத்தில் அளந்து வாழ்கிற வீட்டில், வாரத்துக்கொரு முறை வாகனத்தின் உடம்பு முழுவதையும் நன்னீரால் அலசுவது சாத்தியமான காரியமன்று. ஒரு வாளித் தண்ணீரால் துடைத்து, மட்காட்டின் அடியில் கழிவு ஒயிலைத் துணியால் தடவி நிழலில் நிறுத்திவிடக்கூடிய சிறு வாகனம் இருபது வருடம் உழைக்கிறது. இந்த ஞானத்தை எந்த விற்பனைக் கூடமும் நமக்குக் கற்பிக்கவில்லை, உப்பே கற்பித்தது.

எதிர்க்கட்சியாரின் ஆட்சேபங்களுள் ஒன்று உண்மையான பலம் உடையது. அதை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். சோழகம் பக்கவாட்டில் மோதும் தாம்போதியில் பாரமற்ற வாகனம் அலைக்கழியும், பாரமானது நிலைத்து நிற்கும் என்கிறார்கள். பாரம் நிலைப்பைத் தருகிறது என்பது மெய்தான். ஆயினும் காற்று வாகனத்தை மட்டும் தள்ளுவதில்லை, ஓட்டுபவனையும் சேர்த்தே தள்ளுகிறது. அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவன் தொண்ணூற்றைந்து கிலோ வாகனத்தில் அமர்ந்தால் மொத்தம் 160. 195 கிலோ வாகனத்தில் அமர்ந்தால் 260. இரு மடங்குக்கு மேல் என்று தோன்றிய வித்தியாசம் ஒன்றரை மடங்கை ஒட்டி வந்து நிற்கிறது. மேலும், காற்றின் விசை அது மோதும் பரப்பைப் பொறுத்தது. சி 90 போன்றதன் எலும்புச் சட்டத்தினூடாகக் காற்றிற் பெரும்பங்கு புகுந்து போய்விட, பக்கங்களைப் பிளாஸ்திக் தகடுகளால் மூடிய பந்தயப் பாங்கான வாகனம் அதே காற்றை முழுதாக வாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக வேகம் என்ற ஒன்று உண்டு. நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன் பிரேக் பிடித்த பின் நிற்பதற்குத் தேவைப்படும் தூரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் எண்பதில் போகிறவனுக்குத் தேவை; வேகம் இரட்டித்தால் அதனுள் அடங்கிய சக்தி நான்காகும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். பெரிய இயந்திரம் அந்த எண்பதை முயற்சியின்றிக் கொடுக்கிறது. சிறியது அதைக் கொடுக்க முரண்டுபிடிக்கிறது. ஆட்டுக்குட்டி வேலியிலிருந்து பாயும் ஒழுங்கையிலும், மாலை மங்கிய பின் குதிரைகள் குறுக்கே நடக்கும் நெடுந்தீவு மேற்குவெளியிலும், அந்த முரண்டே ஓட்டுபவனின் காவல்.

பெற்றோலின் கதையையும் இங்கே நினைவுகூர்வது அவசியம். 1990இல் யுத்தம் மறுபடி மூண்டு, வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல் போத்தல் கணக்கில், மருந்தைப் போல விற்கப்பட்டது. அந்த வருடம் ஆகஸ்டில் இராணுவம் ஊர்காவற்றுறைத் தீவில் இறங்கியதும் குடாநாட்டுக்கு ஓடிவந்த தீவாரில் மோட்டார் சைக்கிளோடு வந்தவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் சிறிய ஹொண்டாக்களே. அவை மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து, இயந்திரம் சூடேறும் தருணம் பார்த்து மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெள்ளைப் புகை எழும், பிளக் கரி பிடிக்கும், வழியில் நின்று அதைக் கழற்றி மண்ணில் தேய்த்து மறுபடி பூட்டுவார்கள், ஆனால் ஓடும். எரிபொருளை மிகையாக அழுத்தாத அடக்கமான இயந்திரமாகையால் அந்தத் தரக்குறைவை அது பொறுத்துக்கொண்டது. அதே காரணத்தால் அதே காலத்தில் ஒஸ்ரின் ஏ 40 கார்களும் ஓடின. நோயாளியை ஆஸ்பத்திரிக்கும், அரிசியை அகதி முகாமுக்கும், ஆசிரியரைப் பரீட்சை மண்டபத்துக்கும் கொண்டு சேர்த்தவை அந்த எளிய இயந்திரங்கள். நம் சனங்கள் பட்டினி கிடக்காமலிருக்கப் பாடுபட்ட வாகனத்தை வறுமையின் சின்னம் என்று இகழ்வது எனக்கு மனவேதனை தருகிறது.

அது யுத்தகால நிர்ப்பந்தம், கழிந்த கதை என்பார்களாயின், 2022 நேற்றுத்தான். பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, பின்னர் கியூ ஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளொன்றுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று வரையறுக்கப்பட்டபோது, பெரியது, சிறியது என்ற பேதமின்றி எல்லா மோட்டார் சைக்கிள்களுக்கும் அதே நான்கு லீற்றர்தான். பட்டினத்திலிருந்து குறிகட்டுவான் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், போய்வர அறுபது. லீற்றருக்கு அறுபது ஓடும் சிறிய வாகனத்தை வைத்திருந்த ஆசிரியை அந்தப் பங்கீட்டில் வாரம் நான்கு நாட்கள் துறைக்கு வந்து போகலாம். நாற்பது ஓடும் பெரிய வாகனத்தை வைத்திருந்தவர் மூன்றாம் நாள் திரும்பும் வழியில் வாகனத்தைத் தள்ள வேண்டும். நெடுந்தீவிலோ எரிபொருளும் கடல் கடந்தே வர வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் வராது. முன்னூறு வருடம் ஆண்ட அந்நியரும் அடுத்து வந்தவர்களும் எத்தனை பாலம் போட்டாலும் கடைசித் தீவு தீவாகவே இருக்கிறது.

அது பெண்களின் வாகனம் என்ற ஏளனத்துக்குப் பதில் சொல்வதற்கு முன், அதை ஏளனமாகக் கருதும் மனப்பான்மையையே நான் நிராகரிக்கிறேன். தாழ்ந்த நடுச்சட்டம் சேலை உடுத்தவளுக்கும் வேட்டி கட்டியவருக்கும் ஒருசேர இடம் கொடுக்கிறது. ஸ்கூட்டி நம் ஊர்களுக்கு வந்தபிறகு, குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் மழை இருட்டில் கர்ப்பிணியின் வீட்டுக்கு எவருடைய துணையையும் எதிர்பாராமல் போகிறார். அண்ணன் வருவான், தம்பி கொண்டுபோய் விடுவான் என்று படலையில் காத்துநின்ற காலம் மாறிற்று. யுத்தம் கணவரைப் பறித்த குடும்பங்களில், பிள்ளையைப் பள்ளிக்கும் தாயைக் கிளினிக்குக்கும் தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்கும் அதே வாகனத்தில் கொண்டு செல்லும் பெண்களை நாம் அன்றாடம் காண்கிறோம். கீழே சாய்ந்தால் தானே தூக்கி நிறுத்தக்கூடிய வாகனம் என்பது அவர்களுக்குச் சுதந்திரத்தின் நிபந்தனை. அந்தத் தகுதி உள்ள வாகனத்தைப் பெண்களின் வாகனம் என்று சொன்னால், ஆண்களும் அதைத் தேடி வாங்க வேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவு.

கௌரவத்தின் பெயரால் நடப்பதைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். தகப்பனின் தொழில் வலையாக இருக்க, மகன் லீசிங்கில் பெரிய வாகனம் எடுக்கிறான். வாடைக் காலத்தில் கடல் மூடும்போது தவணையும் நின்றுபோகிறது. ஒருநாள் வாகனத்தைக் கொண்டுபோய்விடுகிறார்கள். கட்டிய பணமும் போய், ஊரார் முன் அவமானமும் மிஞ்சுகிறது. வெளிநாட்டுப் பணத்தில் எடுத்த பிள்ளைக்குத் தவணைத் தொல்லை இல்லை. அவனுக்கு வேறு ஆபத்து. பண்ணை வீதியின் நேரான நீளமும், வெறுமையான கடற்காற்றும், கைப்பிடிக்குள் அடங்கிய வேகமும் சேர்ந்து எத்தனை வீட்டுச் சுவரில் பத்தொன்பது வயதுப் படத்துக்கு மாலை போட வைத்திருக்கின்றன என்பதைத் தீவார் அறிவர். யுத்தத்திலிருந்து காப்பாற்றி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். “பெரிசா ஒண்டு வாங்கிக் குடுத்தால்தான் பெடியன் சந்தோஷப்படுவான்” என்று அனுப்பிய கை, செத்தவீட்டுக்கு விமானச் சீட்டு எடுக்க நேர்ந்த கொடுமையை எழுதவே மனம் கூசுகிறது. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். ஆகவே இது ஒரு சில வீட்டாரின் ரசனை சம்பந்தமான விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கொழும்புக்கு வீதியால் அடிக்கடி போய்வருகிறவனுக்கும், பெருநிலப்பரப்பின் நெடுஞ்சாலைகளில் நாள் முழுவதும் ஓடுகிறவனுக்கும் பெரிய வாகனம் உகந்ததாகலாம். அவனோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு, அவனுக்குப் பொருந்தும் அளவுகோலைக் கொண்டுவந்து எழுவைதீவிலும் அனலைதீவிலும் நெடுந்தீவிலும் மனிதரை அளக்கிறவர்களோடுதான். அந்தச் சித்தப்பாவிடம் நான் கேட்பது சிறிய உபகாரம். பணம் அனுப்ப முன்னர் தம்பியிடம் சில விஷயங்களை விசாரியுங்கள்: எந்தத் துறையில் ஏற்றப் போகிறான், கூடத் தூக்க ஆள் யார், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், சோழகத்தில் எந்த நேரம் தாம்போதியைக் கடக்கிறான் என்று. இருக்கிற வாகனமே போதும் என்று அவன் சொன்னால், அதைக் கூச்சத்தால் வந்த பதில் என்று எண்ணாதீர்கள். நினைத்த தொகையில் ஒரு சிறு பங்கை அனுப்பினால் போதும்: அவனுக்கும் பின்னால் இருக்கிறவருக்குமாகத் தரமான தலைக்கவசம் இரண்டு, புது ரயர் இரண்டு, ஒரு செயின் செற். அவற்றைப் பூட்டித் தரும் மெக்கானிக் வேலணையிலேயே இருக்கிறார்.